வறண்ட லூனியில் முதல் வெள்ளம்: கரியமிலக் கணக்கில் விடுபட்ட மறுபக்கம்

ராஜஸ்தான் மாநிலம் பாலோத்ரா நகரில் லூனி ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகவே கிடக்கிறது. ஆடுகளும் ஒட்டகங்களும் அதில் மேய்கின்றன; வாகனங்கள் குறுக்கே கடந்து செல்கின்றன. ஆரவல்லி மலைத்தொடரில் பெய்த மழைநீர், நுரையும் சருகுமாக நகரை வந்தடையும் நாளில், மக்கள் கரையில் திரண்டு மேளம் முழங்க, மலர் தூவி வரவேற்பது வழக்கம். சில ஆண்டுகளில் அந்த நீர் வருவதே இல்லை என்பதால், வரும் ஆண்டில் அது திருவிழாவாகிறது.

அந்த முதல் நீர் மணலைத் தொடும்போது கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு நிகழ்வும் தொடங்குகிறது. மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்த நுண்ணுயிரிகள் விழித்தெழுகின்றன. படுகையில் சேர்ந்திருந்த சருகு, சாணம், மடிந்த பாசி ஆகியவற்றை அவை வேகமாகச் சிதைக்க, சில மணி நேரத்திற்குள் கரியமில வாயு பெருமளவில் வெளியேறுகிறது. ஒரு சில நாள்களில் அந்த வேகம் தணிந்துவிடுகிறது. அதன் பிறகு அளவெடுக்கச் செல்பவருக்கு அமைதியான ஓர் ஆறே காட்சியளிக்கும்.

ஆய்வகங்களோடு நின்றுவிட வேண்டிய செய்தியாக இதைக் கருத முடியாது. லூனி உள்ளிட்ட 13 ஆறுகளின் கரையோரங்களில் மரம் வளர்த்து அவற்றுக்குப் புத்துயிர் அளிப்பதற்கான விரிவான திட்ட அறிக்கைகளை மத்திய அரசு 2022 மார்ச் மாதம் வெளியிட்டது. தேராதூனில் உள்ள இந்திய வனவியல் ஆராய்ச்சி மற்றும் கல்விக் கழகம் தயாரித்த அந்த அறிக்கைகளின் உத்தேசச் செலவு ரூ.19,342 கோடி. கங்கைச் சமவெளியின் யமுனை முதல் தெற்கே காவிரி வரை அந்தப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. நடப்படும் மரங்கள் 10 ஆண்டுகளில் 5.02 கோடி டன் கரியமில வாயுவையும், 20 ஆண்டுகளில் 7.47 கோடி டன்னையும் ஈர்த்துக்கொள்ளும் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது. பாரீஸ் பருவநிலை ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா அளித்த உறுதிமொழியை நிறைவேற்ற இது துணைபுரியும் என்பதும் அந்த அறிவிப்பின் ஒரு பகுதி.

மரம் ஈர்ப்பது வரவு. அந்த மரம் உதிர்க்கும் இலை ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் படுகையில் விழுந்து, முதல் வெள்ளத்தில் நனையும்போது வெளியேறுவது செலவு. லூனி போன்ற ஓர் ஆற்றில் இந்தச் செலவுப் பக்கத்தைத் தனியே அளக்காமல் நிகர வரவைச் சொல்வது கடினம்.

மழைக்குப் பின் மண் விடும் மூச்சு

உலர்ந்த மண் நனைந்தவுடன் அதிலிருந்து கரியமில வாயு திடீரென வெளிப்படுவதை வேளாண் விஞ்ஞானிகள் நெடுங்காலமாக அறிவர். கென்யாவில் பணியாற்றிய ஹெச்.எஃப். பிர்ச் 1958-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு, இந்த நிகழ்வு அவர் பெயராலேயே 'பிர்ச் விளைவு' என்று வழங்கப்படுகிறது. ஆப்பிரிக்க வயல்களில் முதல் மழைக்குப் பின் பயிருக்கு நைட்ரஜன் சத்து ஏன் திடீரெனக் கூடுதலாகக் கிடைக்கிறது என்ற உழவுத்தொழில் சார்ந்த கேள்வியே அந்த ஆய்வுக்குப் பின்னணி.

இதன் செயல்முறை ஓரளவு தெளிவாகியுள்ளது. வறட்சியைத் தாங்குவதற்காக நுண்ணுயிரிகள் தங்கள் உயிரணுவுக்குள் சில கரிமச் சேர்மங்களைச் சேமித்து வைக்கின்றன. நீர் வந்ததும் அந்தச் சேமிப்பு தேவையற்றதாகிறது. அதை அவை உடனடியாக எரித்துவிடுகின்றன அல்லது வெளியே தள்ளிவிடுகின்றன. திடீர் ஈரத்தைத் தாங்காமல் வெடித்து மடியும் உயிரணுக்கள் எஞ்சியவற்றுக்கு உணவாகின்றன. மண்கட்டிகள் நீரில் கரைந்து உடைய, உள்ளே சிக்கியிருந்த கரிமப் பொருளும் வெளிவருகிறது. இவற்றோடு, மணல் துகள்களின் இடுக்கில் தேங்கியிருந்த கரியமில வாயு செறிந்த காற்றை உள்ளிறங்கும் நீர் மேலே தள்ளுகிறது.

ஆற்றுப்படுகையில் இந்த விளைவு வயலைக் காட்டிலும் வேறுவிதமாகச் செயல்படக் காரணம் சருகு. வயலில் விழும் இலை மழையிலும் பனியிலும் சிறிது சிறிதாக மட்குகிறது. வறண்ட படுகையிலோ அது வெயிலில் காய்ந்து, புற ஊதாக் கதிர்களால் நார்ப்பொருள் தளர்ந்து, மட்காமலேயே மாதக்கணக்கில் குவிகிறது. வெள்ளம் வந்ததும் அந்தக் குவியல் முழுவதும் ஒரே நேரத்தில் நனைகிறது. கொதிநீரில் இட்ட தேயிலை போல, கரையக்கூடிய பொருளில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாள்களிலேயே நீரில் இறங்கிவிடுகிறது. நீர் பழுப்பு நிறம் கொள்கிறது. நுண்ணுயிரிகள் அதை உண்ணும் வேகத்தில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சரிகிறது.

ஆக்சிஜன் சரிவின் கோரத்தை ஆஸ்திரேலியா நேரில் கண்டது. நீண்ட வறட்சிக்குப் பின் 2010-11-இல் முர்ரே-டார்லிங் படுகையில் ஏற்பட்ட வெள்ளம், காட்டுத் தரையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த யூகலிப்டஸ் சருகை அடித்துச் சென்றது. கருநிறமாக மாறிய நீரில் ஆக்சிஜன் இன்றி மீன்களும் நண்டினங்களும் மடிந்தன. வறட்சியில் வராத அழிவு வெள்ளத்தில் வந்தது.

உலகக் கணக்கில் இதன் எடை

உலக ஆறுகளின் மொத்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம் வரை, ஆண்டில் ஒரு நாளேனும் ஓட்டம் நின்றுபோகும் ஆறுகள் என்று 'நேச்சர்' இதழில் 2021-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வற்றாத ஆறுகளையே இலக்கணமாகக் கொண்டு வளர்ந்த நீரியல் துறைக்கு அது ஓர் அதிர்ச்சி. இந்தியாவில், குறிப்பாக தக்காணத்திலும் மேற்கு மாநிலங்களிலும் வாழ்வோருக்கு அதில் வியப்படைய ஏதுமில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2018-இல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று முக்கியமான ஒரு முடிவை வெளியிட்டிருந்தது. பல்வேறு தட்பவெப்ப மண்டலங்களைச் சேர்ந்த 212 வறண்ட ஆற்றுப்படுகைகளிலிருந்து சருகைச் சேகரித்து, ஒரே முறையில் நனைத்து அந்தக் குழு சோதித்தது. சருகு ஒருமுறை நனையும்போது வெளியாகும் கரியமில வாயு, வற்றாத ஆறுகளும் ஓடைகளும் ஒரு நாளில் வெளியிடும் அளவில் 10 சதவீதம் வரை இருக்கலாம், குறிப்பாக மிதவெப்ப மண்டலத்தில் இது அதிகம் என்பதே அந்த முடிவு. வறட்சியின் கடுமை, கரையோரத் தாவரங்களின் அடர்த்தி, ஆற்றின் அகலம், நீரின்றிக் கிடந்த காலம் ஆகிய நான்கும்தான் சருகின் அளவையும் மட்கும் தன்மையையும் பெரும்பாலும் தீர்மானிப்பதாகவும் அந்த ஆய்வு கூறியது.

நனையாத நாள்களிலும் படுகை சும்மா இருப்பதில்லை. வற்றிய ஆறு, ஏரி, குளம், அணைப்பகுதி என 196 இடங்களில் அளவெடுத்த வேறொரு குழு, வறண்டு கிடக்கும் நீர்நிலைகள் ஆண்டுதோறும் சுமார் 12 கோடி டன் கார்பனை வெளியிடுவதாக 2020-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் தெரிவித்தது. உள்நாட்டு நீர்நிலைகளின் உமிழ்வு பற்றிய மதிப்பீட்டை இது 6 சதவீதம் உயர்த்துகிறது. கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் சுமார் 44 கோடி டன். ஐ.நா. பருவநிலை மாற்ற அமைப்பிடம் இந்தியா 2024 டிசம்பரில் அளித்த அறிக்கையின்படி, 2020-ஆம் ஆண்டில் நாட்டின் நிகரப் பசுங்குடில் வாயு உமிழ்வு 243.7 கோடி டன். அதனோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. முதல் வெள்ளத்தின் திடீர் வெளியேற்றம் இந்த 44 கோடி டன்னில் சேராது.

இந்த ஒப்பீட்டை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். நிலக்கரியிலிருந்து வரும் கரியமில வாயு, பல கோடி ஆண்டுகள் பூமிக்கடியில் புதைந்திருந்த கார்பன். அது காற்றில் கூடுதலாகச் சேர்கிறது. சருகிலிருந்து வருவது, சென்ற ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டோ அதே மரம் காற்றிலிருந்து எடுத்ததுதான். எனவே வறண்ட ஆறுகளைப் பருவநிலைக் குற்றவாளிகளாகச் சித்திரிப்பது அபத்தம். மனிதச் செயல் இந்தச் சுழற்சியை எங்கு, எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி. லூனியில் அதற்கான விடைகள் கரையிலேயே கிடக்கின்றன.

உப்பாறும் சீமைக் கருவேலமும்

அஜ்மீர் அருகே நாகா மலையில் தோன்றும் லூனி, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தென்மேற்காகச் சென்று கட்ச் வளைகுடாவை எட்டாமலேயே ரண் சதுப்பில் மறைகிறது. பாலோத்ரா வரை நீர் இனிப்பாகவும் அதன்பின் உப்பாகவும் இருப்பதால் 'உப்பாறு' என்ற பொருளில் அதற்கு அப்பெயர். கடலைச் சேராத ஆறு என்பது கார்பன் கணக்கில் முக்கியமான விவரம். பொதுவாக, நிலத்திலிருந்து ஆற்றுக்கு வரும் கார்பனில் ஒரு பகுதி காற்றிலும், ஒரு பகுதி வண்டலிலும், எஞ்சியது கடலிலும் சேர்வதாகக் கணக்கிடப்படுகிறது. லூனியில் கடைசி வழி அடைபட்டுள்ளது. பல ஆண்டுகளில் வெள்ளம் ரண் வரைகூடச் செல்வதில்லை. வழியிலேயே மணல் அதை உறிஞ்சிவிடுகிறது. கரையோரக் கிணறுகளுக்கு அதுவே உயிர்நீர். ஆனால் நீரில் கரைந்து வந்த கார்பன், ஒன்று அங்கேயே காற்றில் கலக்க வேண்டும். அல்லது நிலத்தடிக்கு இறங்கவோ வண்டலுக்கடியில் புதையவோ வேண்டும். இந்த மூன்றில் எது எவ்வளவு என்பது ஒவ்வொரு வெள்ளத்தின் வேகத்தையும் பொறுத்தது. வண்டல் சுமந்துவரும் பெருவெள்ளம் சருகை ஆழப் புதைத்து மட்காமல் காக்கவும் கூடும்.

பாலைவன ஆற்றில் சருகு ஏது என்ற கேள்வி நியாயமானது. இயல்பில் குறைவுதான், பன்னாட்டு ஆய்வும் வறட்சி கூடக் கூடச் சருகு குறைவதையே காட்டுகிறது. மார்வாரின் இயற்கைத் தாவரம் இடைவெளிவிட்டு நிற்கும் வன்னி மரம். அதை அங்கு 'கேஜ்ரி' என்பர். ராஜஸ்தானின் மாநில மரம் அது. அதன் அயல்நாட்டு உறவினர் ஒருவர் 1913-ஆம் ஆண்டு வாக்கில் ஜோத்பூர் சமஸ்தானத்துக்குள் கொண்டுவரப்பட்டார். 1940-இல் சமஸ்தான அரசு அதற்கு 'அரச மரம்' என்ற தகுதியே வழங்கிப் பாதுகாத்தது. மணல் பரவலைத் தடுக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. 'விலாயதி பபூல்' என்று அங்கு அழைக்கப்படும் அந்த மரத்தைத் தமிழர்கள் சீமைக் கருவேலம் என்று அறிவர்; அதை அகற்றக் கோரித் தமிழ்நாட்டில் நடந்த வழக்குகளையும் அறிவர்.

இன்று அது லூனிப் படுகையின் கரைகளிலும், நீரோட்டம் நின்ற மணல் திட்டுகளிலும் அடர்ந்து நிற்கிறது. பயறு வகைத் தாவரம் என்பதால் அதன் இலையில் நைட்ரஜன் அதிகம். நைட்ரஜன் மிகுந்த சருகு எளிதில் மட்கக்கூடியது. அதாவது, இயல்பாகச் சருகு குறைந்த ஓர் ஆற்றுக்கு, விரைவில் சிதையக்கூடிய சருகை மனிதன் கொண்டுவந்த மரம் ஆண்டுதோறும் உதிர்க்கிறது. கரையோர மரநடவுத் திட்டத்தில் எந்த மரம், கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் என்ற கேள்விகள் முக்கியத்துவம் பெறுவது இதனால்தான். படுகையின் விளிம்பில் நெருக்கமாக நடுவதற்கும், சற்று உள்வாங்கிய நிலத்தில் வன்னி போன்ற நாட்டு மரங்களை நடுவதற்கும் கார்பன் கணக்கு ஒன்றாக இராது. மரநடவை நிறுத்த இது காரணமாகாது. நிழல், மண்ணரிப்புத் தடுப்பு, கால்நடைத் தீவனம் என அதன் பயன்கள் பல. கார்பன் பெயரால் செலவிடப்படும் பணத்துக்குக் கார்பனைச் சரியாக எண்ணிக் காட்ட வேண்டும் என்பதே இங்குள்ள எதிர்பார்ப்பு.

சாயக்கழிவு ஓடும் வறண்ட ஆறு

மரத்தைவிடப் பெரிய தலையீடு வேறொன்று. லூனியின் துணையாறுகளான ஜோஜரி, பாண்டி ஆகியவை முறையே ஜோத்பூர், பாலி நகரங்களின் துணிச் சாயக்கழிவையும் கழிவுநீரையும் பல பத்தாண்டுகளாகச் சுமக்கின்றன. பாலோத்ராவிலும் சாய ஆலைகள் ஏராளம். மழை இல்லாத மாதங்களில் ஜோஜரியில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான். திருப்பூர் நொய்யலைக் கண்டவர்களுக்கு இது பழகிய காட்சி. ஜோஜரி மாசு தொடர்பாக உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பரில் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கரையோரக் கிராமங்களில் குடிநீரும் விளைநிலமும் கால்நடைகளும் பாதிக்கப்பட்டதே அந்த வழக்கின் மையம்.

அந்த வழக்கில் பேசப்படாத ஒரு கோணம் உண்டு. கழிவுநீரில் சாயம் மட்டும் இல்லை. மனிதக் கழிவும், துணிக்குப் பசையேற்றப் பயன்படும் மாவுச்சத்தும் உள்ளன. அவை கரிமப் பொருள்கள். வெயிலில் சேறாகக் காய்ந்து படுகையில் படியும் அவை, முதல் வெள்ளத்தில் சருகைவிட வேகமாகச் சிதைகின்றன. காற்றோட்டமற்ற சேற்றில் நிகழும் சிதைவு, கரியமில வாயுவோடு மீத்தேனையும் உண்டாக்குகிறது. ஒரு நூற்றாண்டுக் கால அளவில் மீத்தேனின் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு. இலை மட்கி வெளியேறும் கரியமில வாயுவை இயற்கைச் சுழற்சி எனலாம். சாயப்பட்டறைச் சேற்றிலிருந்து வரும் மீத்தேனுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

வெள்ளம் வடியாமல் தேங்குவதும் மீத்தேனுக்கு வாய்ப்பளிக்கிறது. 2006 ஆகஸ்டில் பார்மர் மாவட்டம் கவாஸ் பகுதியில் சில நாள்களில் ஆண்டு சராசரியை விஞ்சிய மழை கொட்டியது. மண்ணுக்கடியில் இருந்த ஜிப்சப் படலம் நீரைக் கீழே விடாததால் ஊர் வாரக்கணக்கில் நீரில் நின்றது. உயிரிழப்பே அன்றைய பெருஞ்செய்தி; அதில் தவறில்லை. ஆயினும் பாலைவனத்தில் தேங்கும் நீர் எத்தகைய வாயுக்களை வெளியிடும் என்பதற்கு அத்தகைய வெள்ளங்களே உதாரணம். 2023 ஜூன் மாதம் பிபர்ஜாய் புயலின் எச்சம் பார்மர், ஜாலோர், சிரோஹி, பாலி மாவட்டங்களில் வெள்ளத்தை ஏற்படுத்தியது. பருவமழைக்கு முன், மணல் உச்ச வெப்பத்தில் இருந்த வேளை அது. வெப்பம் மிகுந்த படுகை நனையும்போது நுண்ணுயிரிகளின் வேகமும் மிகும்.

மாதம் ஒருமுறை எடுக்கும் மாதிரி

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நாடு முழுவதும் 279 ஆறுகளில் 311 பகுதிகள் மாசடைந்தவை என வகைப்படுத்தப்பட்டன. நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவே அதற்கு அளவுகோல். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அப்பகுதி மாசுபட்டது. கரிமச் சுமையை மறைமுகமாகக் காட்டும் நல்ல அளவுகோல் அது. ஆனால் மாதிரி எடுப்பது பெரும்பாலும் மாதம் ஒருமுறை அல்லது சில மாதங்களுக்கு ஒருமுறை. வறண்ட ஆற்றில் அந்த நாளில் நீர் இல்லையெனில் பதிவேட்டில் 'வறண்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு பணி முடிந்துவிடும். முதல் வெள்ளத்தின் முதல் 48 மணி நேரம், அதாவது ஆண்டின் மிக முக்கியமான இரு நாள்கள், இந்த அட்டவணைக்குள் அகப்படுவது தற்செயலாகவே நிகழும்.

தேசியப் பசுங்குடில் வாயுக் கணக்கெடுப்பிலும் இதற்கு இடமில்லை. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் வழிகாட்டுதல்கள் மனிதச் செயலால் விளையும் உமிழ்வையே கணக்கிடச் சொல்கின்றன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அணை நீர்த்தேக்கங்களுக்கான கணக்கீட்டு முறைகள் விரிவுபடுத்தப்பட்டன. இயற்கையான ஆற்றுப்படுகை அதற்கு வெளியே நிற்கிறது. அணையால் நீர் மறிக்கப்பட்டு வறண்டுபோன கீழ்ப்பகுதி இயற்கையா, செயற்கையா? லூனியின் துணையாறான ஜவாயின் குறுக்கே 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை இன்று பாலி மாவட்டத்தின் குடிநீர் ஆதாரம். அதற்குக் கீழே படுகை வறண்டு கிடக்கும் நாள்கள் மழையின்மையால் மட்டும் வந்தவை அல்ல. அணைக்கு மேலே தேங்கும் நீருக்குக் கணக்கு உண்டு, கீழே காயும் மணலுக்கு இல்லை என்ற நிலை அறிவியல் காரணத்தைவிட நிர்வாக வசதியால் நீடிப்பதாகவே தோன்றுகிறது.

அளப்பதற்கு அரிய கருவிகள் தேவையில்லை. மணல்மீது கவிழ்க்கப்படும் ஒரு மூடிய கலம், அதனுள் கரியமில வாயுவை உணரும் சிறிய கருவி, நீர் வந்த நேரத்திலிருந்து இரு நாள்கள் கண்விழிக்கும் இருவர் ஆகியவை போதும். உலகெங்கும் வறண்ட படுகைகளில் பயன்படுத்தப்பட்டது இந்த எளிய முறையே. ஜோத்பூரில் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் 1959 முதல் இயங்குகிறது. வறண்ட மண்டல வன ஆராய்ச்சி நிறுவனமும் அதே நகரில்தான் உள்ளது. லூனியின் கீழ்ப்பகுதியில் காந்தவ் என்னுமிடத்தில் மத்திய நீர்வள ஆணையம் வெள்ள அளவை ஏற்கெனவே பதிவு செய்கிறது. நீர் எந்த மணி நேரத்தில் எந்த அளவில் வருகிறது என்ற அந்தப் பதிவோடு வாயு அளவீடும் சேர்ந்தால், 13 ஆறுகள் திட்டத்தின் கணக்கில் லூனிக்கு எதிரே இரண்டாவது பத்தியையும் நிரப்ப இயலும். ஆரவல்லியில் மழை தொடங்கிய பின் அதற்கான ஏற்பாட்டைச் செய்ய நேரம் இராது. மேல்பகுதியில் பெய்த நீர் பாலோத்ராவை அடையும் செய்தி, கரையில் மேளம் கேட்கும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது.